அரக்கு நிற ரயிலில் ஏறப் பழகுவது எப்படி: ஒசாகாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஹான்கியூ வழிகாட்டி

ஒசாகாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தொலைந்துபோகிற இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் உமேதா. "உமேதா நிலையத்தில் சந்திப்போம்" என்று யாராவது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். போய்ப் பார்த்தால் உமேதா என்ற பெயர் ஒட்டிக்கொண்ட நிலையங்கள் மட்டும் ஐந்து இருக்கும். ஆறாவதாக, எல்லாவற்றிலும் பெரிய ஒன்று அந்தப் பெயரே இல்லாமல் பக்கத்தில் நிற்கும்.

அந்த ஐந்தில் ஒன்றிலிருந்து கிளம்புவதுதான் ஹான்கியூ. பளபளவென்று துடைத்த அரக்கு நிறப் பெட்டிகள், உள்ளே மரச் சாயலில் சுவர், பச்சை நிறத்தில் மெத்தென்ற இருக்கைகள். ஒசாகா, கோபே, கியோட்டோ என்ற மூன்று நகரங்களையும் இணைத்துச் சுமார் 143 கிலோமீட்டர் ஓடும் தனியார் ரயில் இது. எப்படி ஏறுவது, எங்கே மாறுவது, எதில் ஏமாறுவோம் என்பதையெல்லாம் படிப்படியாகச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் பழைய கதையும் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தக் கம்பெனியின் கதை தெரிந்தால், எந்த நிலையத்தில் என்ன இருக்கும் என்பதைப் பாதி நீங்களே ஊகித்துவிடலாம்.

படி 1: யாருடைய ரயில் என்று முதலில் பாருங்கள்

ஜப்பானில் நகர ரயில்கள் எல்லாம் ஒரே நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். பழைய அரசு ரயில்வேயை 1987இல் பிரித்ததில் உருவானவை ஜே.ஆர். கம்பெனிகள். அவற்றுக்கு வெளியே, ஆரம்பத்திலிருந்தே தனியார் கையில் வளர்ந்தவை பல. ஒசாகா வட்டாரத்தில் பெரியவை என்று ஐந்தைச் சொல்வார்கள்: ஹான்கியூ, ஹான்ஷின், கெய்ஹான், கின்டெட்சு, நன்காய். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டவாளம், தனி நிலையம், தனிக் கட்டணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் வாயிலைத் தாண்டி வெளியே வந்து, மறுபடி காசு கொடுத்து உள்ளே போக வேண்டும்.

உமேதாவில் ஜே.ஆர். நிலையத்தின் பெயர் வெறும் "ஒசாகா". ஹான்கியூ நிலையமும் ஹான்ஷின் நிலையமும் "ஒசாகா-உமேதா". ஆம், இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் இரண்டும் வேறு வேறு இடம். மெட்ரோவுக்கு உமேதா, கிழக்கைக் குறிக்கும் ஹிகாஷி-உமேதா, மேற்கைக் குறிக்கும் நிஷி-உமேதா என்று மூன்று. ஆகவே வீட்டுத் தரகரோ அலுவலகமோ கொடுக்கும் முகவரியில் நிலையத்தின் பெயரை மட்டும் படிக்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் கம்பெனிப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

ஹான்கியூவின் நடைமேடைகள் மூன்றாம் மாடியில் இருக்கின்றன. அங்கே தரைத்தளத்தைத்தான் முதல் மாடி என்று எண்ணுவார்கள், அதனால் நம் கணக்கில் இரண்டாம் மாடி. கீழே ஒரு பெரிய விளம்பரத் திரை உண்டு, பெயர் பிக்மேன். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் "பிக்மேன் முன்னால்" என்று சொல்லிவிடுங்கள். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

படி 2: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊர் இருக்கும் இடத்துக்கு ரயில் போடுவதுதான் உலக வழக்கம். ஹான்கியூ போன வழி தலைகீழ்.

1907இல் தொடங்கியபோது இதன் பெயர் மினோ-அரிமா மின் டிராம் கம்பெனி. மினோ என்பது அருவி இருக்கும் ஊர். அரிமா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய வெந்நீர் ஊற்று. திட்டம் போட்ட கையோடு பங்குச் சந்தை சரிந்தது. பங்குகளை வாங்க ஆளில்லை. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த கோபயாஷி இச்சிசோ (1873–1957) என்பவர்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஒரு முனையில் ஒசாகா என்ற பெரிய வணிக நகரம், மறுமுனைகளில் ஓர் அருவியும் சில குளியல் விடுதிகளும், நடுவே வயலும் மேடும். யார் ஏறுவார்கள்? வாங்குவாரில்லாத அந்த நிலத்தையெல்லாம் நடந்து பார்த்தபோதுதான் கோபயாஷிக்கு யோசனை வந்தது. ஆள் இல்லாத இடம் என்றால் நிலம் மலிவு. மலிவாக வாங்கி வீடு கட்டி விற்றால், அந்த வீட்டுக்காரரே தினமும் டிக்கெட் வாங்குவார்.

1910 மார்ச் 10 அன்று உமேதாவிலிருந்து தகராசுகாவுக்கும், நடுவில் இஷிபாஷியிலிருந்து மினோவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு இக்கேதா நிலையத்துக்குப் பக்கத்தில் முரோமாச்சி என்ற குடியிருப்பில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை. முன்பணம் போக மீதியைப் பத்து ஆண்டு மாதத் தவணையில் கட்டலாம். அந்தக் காலத்தில் ஒசாகா, ஆலைப் புகையில் மூச்சுத் திணறிய ஊர். மாதச் சம்பளக்காரருக்குச் சுத்தமான காற்றும் சொந்த வீடும் ஒரே கையெழுத்தில் கிடைத்தன. அரிமாவுக்கு மட்டும் தண்டவாளம் கடைசிவரை போய்ச் சேரவே இல்லை.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. காலையில் நகரத்துக்குப் போகும் வண்டி நிறையும். எதிர்த்திசையில் போகும் வண்டி? ஞாயிற்றுக்கிழமை? அந்தக் காலி இருக்கைகளை நிரப்பத்தான் மறுமுனையில் பொழுதுபோக்கைக் கட்டினார்கள். மினோவில் 1910இலேயே மிருகக்காட்சி சாலை வந்தது. ஆறு ஆண்டில் மூடிவிட்டார்கள். தகராசுகாவில் 1911இல் பெரிய குளியல் மாளிகை, அடுத்த ஆண்டு உள்ளரங்க நீச்சல் குளம். குளம் படுதோல்வி. தண்ணீரைச் சூடாக்க வசதியில்லை, ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கவும் அனுமதியில்லை. அதன்மேல் பலகை அடித்துப் பார்வையாளர் இடமாக மாற்றி, உடைமாற்றும் அறையை மேடையாக்கி, 1914 ஏப்ரலில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகத்தை அரங்கேற்றினார்கள். இன்று ஜப்பான் முழுக்க ரசிகைகள் பைத்தியமாக இருக்கும் தகராசுகா நாடகக் குழுவின் பிறப்பு அந்தத் தண்ணீரில்லாத குளத்தில்தான்.

1918இல் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. புதிய நீளப் பெயரின் சுருக்கம்தான் ஹான்கியூ. 1920இல் கோபே வழித்தடம் திறந்தது. ஏற்கனவே 1905 முதல் ஹான்ஷின் கம்பெனி கடற்கரை ஓரமாக, ஊர் ஊராக நின்று நின்று கோபேக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹான்கியூவோ மலையடிவாரத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நேர்க்கோடு போட்டது. அப்போது பத்திரிகையில் வந்த விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. அழகானது, வேகமானது, உள்ளே காலியாக இருக்கும், காட்சி பிரமாதம், குளுகுளுவென்று இருக்கும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கூட்டமே இல்லை என்பதைப் பெருமையாக விளம்பரம் செய்த ரயில் கம்பெனியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மறுமுனையைப் போல நகர முனையையும் சும்மா விடவில்லை. 1929இல் உமேதா நிலையத்தோடு ஒட்டி ஹான்கியூ பல்பொருள் அங்காடி திறந்தது. ரயில் கம்பெனி தானே நடத்திய முதல் அங்காடி அதுதான் என்பார்கள். மாடியில் உணவகம், அங்கே கறி சோறு பிரபலம். அப்போது பொருளாதார மந்தம். கையில் காசில்லாத இளைஞர்கள் வெறும் சோற்றை மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். பணியாளர்கள் முகம் சுளித்தார்கள். கோபயாஷியோ, வெறும் சோறு மட்டும் கேட்கும் வாடிக்கையாளர்களை வரவேற்கிறோம் என்று எழுதி ஒட்டச் சொன்னார். இவர்கள் இன்று ஏழைகள், நாளை கல்யாணமாகிக் குழந்தைகளோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் சாஸ் சோற்றுக்கு "சோராய்சு" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கியோட்டோ வழித்தடம் மட்டும் ஹான்கியூ பெற்ற பிள்ளையில்லை, தத்துப் பிள்ளை. அதைக் கட்டியது கெய்ஹானைச் சேர்ந்த ஒரு கம்பெனி. போர்க்கால அரசுக் கொள்கையால் 1943இல் ஹான்கியூவும் கெய்ஹானும் ஒன்றாக்கப்பட்டன. 1949இல் பிரிந்தபோது அந்த வழித்தடம் ஹான்கியூ பக்கமே தங்கிவிட்டது. அதனால்தான் அது இன்றும் கொஞ்சம் தனிப் போக்கு உடையது. கடற்கரையோரத்துப் பழைய போட்டியாளரான ஹான்ஷினும் 2006இல் அதே குழுமத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகவே ரயில் ஓட்டுகின்றன, கட்டணமும் தனித்தனிதான். "ஒரே குழுமம்தானே" என்று வாயிலில் வாதாடிப் பயனில்லை.

படி 3: வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

ஒசாகா-உமேதாவில் ஒன்பது தண்டவாளங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து முட்டி நிற்கின்றன. 1 முதல் 3 வரை கியோட்டோ பக்கம், 4 முதல் 6 வரை தகராசுகா பக்கம், 7 முதல் 9 வரை கோபே பக்கம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

மூன்று வழித்தடங்களும் ஆற்றைத் தாண்டி ஜூசோ என்ற நிலையம்வரை இணையாக ஓடி, அங்கே பிரிகின்றன. ஆகவே தவறான ரயிலில் ஏறிவிட்டால் பதற வேண்டாம். ஜூசோவில் எல்லா ரயிலும் நிற்கும். இறங்கி, பக்கத்து நடைமேடைக்குப் போய் மாறிக்கொள்ளுங்கள், கூடுதல் காசு கிடையாது. கோபேயிலிருந்து கியோட்டோவுக்குப் போகிறவர்களும் உமேதாவரை வர வேண்டியதில்லை, ஜூசோவிலேயே மாறிக்கொள்ளலாம். நடுவில் நகாட்சு என்று ஒரு சின்ன நிலையம் உண்டு. கியோட்டோ ரயிலுக்கு அங்கே நடைமேடையே கிடையாது.

கோபே வழித்தடத்தில் தெரிந்திருக்க வேண்டிய சந்திப்பு நிஷினோமியா-கிதகுச்சி. அங்கிருந்து இமாசு வழித்தடம் தகராசுகாவுக்குப் போகிறது. தகராசுகா வழித்தடத்தில் ஹோதாருகாஇக்கே நிலையத்தில் இறங்கி மோனோரயில் பிடித்தால் அடுத்த நிறுத்தமே ஒசாகா உள்நாட்டு விமான நிலையம். ரயிலிலேயே இருந்தால், ஹோதாருகாஇக்கேவுக்கு அடுத்த நிலையமான இஷிபாஷி-ஹன்டாய்-மயே, ஒசாகா பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். "ஹன்டாய்" என்பது பல்கலைக்கழகத்தின் செல்லப் பெயர்.

கியோட்டோ வழித்தடத்தில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று அவாஜி. அது கடலில் இருக்கும் அவாஜித் தீவு அல்ல, ஒசாகாவுக்குள் இருக்கும் சந்திப்பு. கியோட்டோவிலிருந்து வரும் சில ரயில்கள் அங்கே திரும்பி, சகாய்சுஜி மெட்ரோ பாதைக்குள் நுழைந்து தெங்கச்சாயாவுக்குப் போய்விடும். உங்களுக்கு உமேதா வேண்டுமென்றால் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, ஹான்கியூ கியோட்டோ நிலையத்துக்குப் போகாது. புல்லட் ரயில் நிற்கும் அந்தப் பெரிய கியோட்டோ நிலையம் ஜே.ஆருடையது. ஹான்கியூ போவது நகரின் கடைவீதியான கவராமாச்சிக்கு. புல்லட் ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு நிலையம் முன்னதாகக் கராசுமாவில் இறங்கி, சுரங்க ரயிலில் இரண்டு நிறுத்தம் போக வேண்டும். கையில் பெட்டியோடு கவராமாச்சியில் ஏறி வந்து ரயில் நிலையத்தைத் தேடி நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

படி 4: டிக்கெட்டா, அட்டையா?

தானியங்கி வாயிலை ஜப்பானில் முதன்முதலாக முழு அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே 1967இல் ஹான்கியூவின் கிதசென்ரி நிலையத்தில்தான். அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கத்துக்கு அதுதான் தாத்தா.

நீங்கள் வாங்க வேண்டியது இகோகா அட்டை. ஜே.ஆர். வெளியிடுவது, ஆனால் ஹான்கியூவிலும் மெட்ரோவிலும் பேருந்திலும் செல்லும். "போகலாமா?" என்பதை ஒசாகாக்காரர்கள் "இகோகா" என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். 500 யென் பிணைத்தொகை பிடிப்பார்கள், அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அது கிடைத்துவிடும். டோக்கியோவிலிருந்து சுய்கா அட்டையோடு வந்தால் அதுவே போதும். பித்தப்பா என்று ஒன்று உண்டு. அது மாத முடிவில் வங்கிக் கணக்கில் பிடித்துக்கொள்ளும் வகை, விண்ணப்பித்துச் சரிபார்ப்பில் தேற வேண்டும். வந்த புதிதில் அதற்கு அலைய வேண்டாம். 2024 அக்டோபரிலிருந்து பெரும்பாலான நிலையங்களில் தொடுவசதி உள்ள கடன் அட்டையையே வாயிலில் காட்டிப் போகலாம். நாலைந்து நாள் மட்டும் தங்குபவர்களுக்கு அது வசதி.

காகித டிக்கெட் எடுக்கிறீர்களா? இயந்திரத்துக்கு மேலே உள்ள கட்டண வரைபடத்தில் உங்கள் நிலையத்துக்குக் கீழே எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள். புரியாவிட்டால் குறைந்த கட்டண டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் வாயிலுக்கு முன்னால் இருக்கும் சரிக்கட்டும் இயந்திரத்தில் மீதியைப் போட்டுவிடலாம். அபராதம் ஒன்றும் கிடையாது.

கட்டணம் எவ்வளவு என்று தெரிய: 2024இல் உமேதாவிலிருந்து கோபே-சன்னோமியாவுக்கு 330 யென், கியோட்டோ-கவராமாச்சிக்கு 410 யென். கியோட்டோவுக்கு ஜே.ஆர். இன்னும் சீக்கிரம் போகும், காசும் இன்னும் கூடுதலாகும்.

படி 5: எது நிற்கும், எது நிற்காது

வேக ரயிலுக்குத் தனிக் கட்டணம் இருக்கும் என்று பயந்து எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியிலேயே மூன்று மாதம் போய்வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஹான்கியூவில் "தொக்கியூ" என்ற அதிவேக ரயிலுக்கும் சாதாரணக் கட்டணம்தான். (இதே சொல் ஜே.ஆரில் வந்தால் கூடுதல் டிக்கெட் வேண்டும். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.)

வகைகள்: தொக்கியூ மிகக் குறைவாக நிற்கும். ஜுன்-தொக்கியூ அதைவிடக் கொஞ்சம் அதிகம். கியூகோ என்பது எக்ஸ்பிரஸ். ஜுன்கியூ அரை எக்ஸ்பிரஸ். ஃபுட்சூ எல்லா இடத்திலும் நிற்கும். காலை நெரிசலில் சுகின்-தொக்கியூ என்று அலுவலகக்காரர்களுக்கான ஒன்றும் வரும். பெயர்ப் பலகையில் ஆங்கிலமும் மாறி மாறி வரும், பயமில்லை.

கோபே தொக்கியூ ஜூசோ, நிஷினோமியா-கிதகுச்சி, ஷுகுகாவா, ஒகாமோத்தோ என்று நான்கு இடத்தில் மட்டும் நின்று, அரை மணிக்கும் குறைவாகச் சன்னோமியாவைப் பிடித்துவிடும். கியோட்டோ தொக்கியூவுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தகராசுகா வழித்தடத்தில் பகலில் எக்ஸ்பிரஸும் ஃபுட்சூவும்தான். அந்த எக்ஸ்பிரஸ் ஜூசோவுக்கு அப்புறம் டொயோனகாவரை பறக்கும், அதற்கு அப்புறம் எல்லா நிலையத்திலும் நிற்கும். மூன்று தடங்களிலும் பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு வேக ரயில் உண்டு, ஓடிப்போய்க் கதவில் சிக்க வேண்டியதில்லை.

கியோட்டோ தடத்தில் 2024 ஜூலை முதல் சில ரயில்களில் ப்ரைவேஸ் என்ற முன்பதிவுப் பெட்டி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று அகலமான இருக்கைகள். கூடுதலாக 500 யென். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் தனி டிக்கெட் வேண்டும், மற்றப் பெட்டிகளுக்கு வேண்டாம். காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

படி 6: ஏறியபின்

நடைமேடையில் போட்டிருக்கும் குறியில் வரிசையாக நில்லுங்கள், இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஏறுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசி அதிர்வில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். வார நாட்களில் சில ரயில்களில் மகளிர் பெட்டி உண்டு. நடைமேடைத் தரையிலும் பெட்டிக் கதவிலும் குறி போட்டிருக்கும்.

முதியோர், கர்ப்பிணிகளுக்கான முன்னுரிமை இருக்கைகள் ஒவ்வொரு பெட்டியிலும் தனியாக இருக்கின்றன. இதற்கும் ஒரு கதை உண்டு. 1999இல் ஹான்கியூ அந்த ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டு, எல்லா இருக்கையும் முன்னுரிமை இருக்கைதான் என்று அறிவித்தது. எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. 2007இல் பழையபடி தனி இருக்கைகளைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடதுபக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலதுபக்கம். அவசரக்காரர்களுக்கு இடதுபக்கம் விடுங்கள் என்று 1967 வாக்கில் ஹான்கியூவின் உமேதா நிலையத்தில் அறிவிப்பு செய்ததுதான் இதற்கு ஆரம்பம் என்று ஒரு பேச்சு உண்டு. இப்போது ரயில் கம்பெனிகள் யாருமே நடக்காதீர்கள், இரண்டு பக்கமும் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றன. முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுகொள்வது உத்தமம்.

படி 7: சீசன் டிக்கெட்டும் வீடும்

மாதச் சீசன் டிக்கெட்டுக்குப் பெயர் "தெய்கி". ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று எடுக்கலாம், நீளம் கூடக் கூட மலிவு. பல அலுவலகங்கள் இந்தச் செலவை ஏற்கின்றன. சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். மாணவர்களுக்கான தெய்கி இன்னும் மலிவு. அதற்குக் கல்லூரிச் சான்று வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும்.

தெய்கியில் உள்ள இரண்டு நிலையங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். ஆகவே வீடு பார்க்கும்போதே கணக்குப் போடுங்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் உமேதா வருகிற மாதிரி வீடு அமைந்தால், விடுமுறை நாளில் கடைத்தெருவுக்குப் போகும் செலவும் அதிலேயே அடங்கிவிடும்.

வீட்டு விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து நடந்து 10 நிமிடம்" என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 80 மீட்டர் என்ற விதிப்படி போட்ட கணக்கு அது. மேடு பள்ளம் அந்தக் கணக்கில் வராது. கோபே தடத்தில் ஹான்கியூ மலையடிவாரத்தில் ஓடுகிறது, அதற்குக் கீழே ஜே.ஆர்., அதற்கும் கீழே கடலோரம் ஹான்ஷின். அங்கே வடக்கு தெற்கு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், மலைப்பக்கம் கடல்பக்கம் என்றுதான் வழி சொல்வார்கள். மலைப்பக்கம் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் மாலையில் காய்கறிப் பையோடு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேக ரயில் நிற்கும் நிலையங்களில் வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், புதிதாக வருபவர்களுக்கு டொயோனகா, இஷிபாஷி பக்கம் சௌகரியம். எல்லா வகை ரயிலும் நிற்கும், உமேதாவும் பக்கம்.

படி 8: ரயில் நின்றுவிட்டால்

நிற்கும். புயல், நிலநடுக்கம், தண்டவாளத்தில் விபத்து என்று காரணங்கள். 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் இத்தாமி நிலையம் இடிந்து விழுந்தது. நிஷினோமியா-கிதகுச்சிக்கும் ஷுகுகாவாவுக்கும் இடைப்பட்ட பாதை ஜூன் 12 அன்றுதான், 146 நாள் கழித்து, திரும்பத் திறந்தது.

அன்றாடத் தாமதத்துக்கு, நிலையத்தில் தாமதச் சான்று என்று ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். கம்பெனி இணையதளத்திலும் எடுக்கலாம். அலுவலகத்தில் அதைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ரயில் நீண்ட நேரம் நின்றுபோனால், "ஃபுரிகாயே" என்று அறிவித்து மற்றக் கம்பெனி ரயிலில் இலவசமாக ஏற்றி அனுப்புவார்கள். இதில் ஒரு சூட்சுமம். தெய்கியோ காகித டிக்கெட்டோ வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. அட்டையில் உள்ள பணத்தைக் கழித்துப் பயணம் செய்பவர்களுக்குக் கிடையாது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதன்பின் டாக்சிதான். அந்தச் செலவை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை விருந்திலிருந்து நேரத்தோடு எழுந்துவிடுவார்கள்.

படி 9: முதல் ஞாயிற்றுக்கிழமை

கோபயாஷி நிரப்ப நினைத்த அந்தக் காலி இருக்கைகள் இப்போது உங்களுக்கானவை. காலையில் உமேதாவில் 4 முதல் 6 வரையுள்ள தடங்களில் தகராசுகா எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். சில நேரம் மூன்று வழித்தடத்து ரயிலும் ஒரே நிமிடத்தில் கிளம்பி, யோதோ ஆற்றுப் பாலத்தில் தோளோடு தோள் ஓடும். பக்கத்து ரயிலில் இருக்கும் குழந்தை உங்களுக்குக் கையசைக்கும்.

இக்கேதாவில் இறங்கினால் கோபயாஷி வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1910இல் விற்ற முரோமாச்சிக் குடியிருப்பும் நடந்து போகும் தூரம்தான். உடனடி நூடுல்ஸ் 1958இல் பிறந்ததும் இந்த ஊரில்தான், அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு, குழந்தைகளோடு போனால் அரை நாள் ஓடிவிடும். கடைசி நிலையமான தகராசுகாவில் பெரிய அரங்கம், 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், அன்றைக்குப் போய் நின்றால் கஷ்டம். கியோட்டோ பக்கம் போக ஆசையென்றால் கட்சுராவில் மாறி அராஷியாமா, ஆனால் இலையுதிர் காலத்தில் கூட்டம் தாங்காது.

நான் சொல்வது மினோ. இஷிபாஷியில் மாறி, நான்கே கிலோமீட்டர் ஓடும் குட்டித் தடத்தின் கடைசி நிலையம். வெளியே வந்ததும் ஓடையை ஒட்டிய பாதை, மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, அவசரமில்லாமல் நடந்தால் ஒரு மணி நேரம். முடிவில் 33 மீட்டர் உயர அருவி. வழியெல்லாம் கடைகளில் மேப்பிள் இலையை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து விற்பார்கள். இலைக்கு ருசியொன்றும் பெரிதாகக் கிடையாது, மாவுதான் இனிப்பாக மொறுமொறுவென்று இருக்கும். ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வரும் ரயிலில் பையைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.